கடைசிச் சீப்பு

1

இன்று காலை ஆறு நாற்பதுக்கு அறுபத்திரண்டு பெட்டி வாழைப்பழத்தின் மேல் நீலச் சாயம் ஊற்றினேன். பழத்தில் அழுகல் இல்லை, பூச்சி இல்லை. ஒவ்வொன்றும் இருக்க வேண்டிய நீளத்துக்கு அரை அங்குலம் குறைவு, அவ்வளவுதான். சாயம் ஊற்றாவிட்டால் யாராவது எடுத்துத் தின்றுவிடுவார்கள், தின்றவர்கள் கடையில் வாங்க மாட்டார்கள் என்பது இங்குள்ள நியாயம். ஊற்றியபின் குப்பை லாரி வந்தது. பதிவேட்டில் காரணம் என்ற கட்டத்தில் ‘நீளம்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

1969இல் இதே தேதியில்தான் இங்கிலாந்தில் வந்து இறங்கினேன். பதினேழு வருஷம் முடிந்தது. அதில் பதினைந்து வருஷம் இந்தக் கிடங்கில் போயிருக்கிறது. கடல் கடந்து பச்சைக் காயாக வரும் வாழையை அறைகளில் அடுக்கி, வெப்பத்தைக் கூட்டி, வாயு விட்டு, கடைக்காரர்கள் கேட்கிற மஞ்சளுக்குக் கொண்டுவருவது இங்கே நடக்கிற வேலை. நான் தரம் பார்க்கிறவன். காயின் நடுவில் ஊசி வெப்பமானியைக் குத்திப் பார்ப்பேன். வரும்போது ஐம்பத்தாறு டிகிரி ஃபாரன்ஹீட் இருக்க வேண்டும். குறைந்தால் தோல் சாம்பல் பூத்துவிடும். கூடினால் நாம் சொல்லும் முன்னே பழுத்துவிடும். பிறகு நீளம், பருமன், வளைவு. எல்லாவற்றுக்கும் அளவு உண்டு, எல்லாவற்றுக்கும் ஒரு கட்டம் உண்டு.

வெளிநாட்டு அனுபவம் எழுதச் சொல்லி ஊரிலிருந்து பத்திரிகை ஆசிரியர் கேட்கும்போதெல்லாம் பனியைப் பற்றியும், சரியாக வருகிற ரயிலைப் பற்றியும் எழுதி அனுப்பியிருக்கிறேன். இந்த முறை என் பொறாமையைப் பற்றி எழுதுகிறேன். அது என் தங்கை கணவர் செல்வராஜ் மேல் எனக்கு இருந்த பொறாமை. தொட்டியத்தில் அவருடைய மூன்று ஏக்கரையும், அங்கே வேலை செய்த ஒரு பெண்ணின் இரண்டு கைகளையும் அது என்ன செய்தது என்பதுதான் விஷயம்.

2

எங்கள் வீடு பாலக்கரையில், மாதா கோயில் மணி கேட்கிற தூரத்தில் இருந்தது. அப்பா ரயில்வே குமாஸ்தா. எங்களுக்கு மண் என்றால் ரோஜாத் தொட்டியில் இருப்பதுதான். தங்கை ரெஜினா தொட்டியத்தில் டீச்சர் வேலை கிடைத்துப் போனாள். 1971இல் அங்கேயே செல்வராஜைக் கல்யாணம் செய்துகொண்டாள். எனக்கு லீவு கிடைக்காததால் கல்யாணத்துக்கு நான் வரவில்லை. அவரை முதலில் பார்த்தது 1974 ஆகஸ்டில்.

அப்போது அவருக்கு இரண்டு ஏக்கர். பூவன் பாதி, ரஸ்தாளி கால், மீதி இலைக்காக விட்ட மரங்கள். ஊடே கத்திரியும் தண்டுக்கீரையும். வாய்க்காலில் காவிரித் தண்ணீர் முழங்கால் அளவுக்கு ஓடியது. அன்று தார் வெட்டு.

தார் வெட்டுகிற நாளில் அந்தத் தோட்டத்தில் ஒரு வழக்கம் இருந்தது. தாரை இறக்கியதும் நுனியில் இருக்கும் கடைசிச் சீப்பைச் சீவித் தனியே வைத்துவிடுவார்கள். தாரைத் தோளில் தூக்கி, வரப்பில் நடந்து, வண்டியில் ஏற்றுகிறவருக்கு அது. கூலியோடு சேர்ந்ததல்ல. பத்துத் தார் தூக்கினால் பத்துச் சீப்பு. காய் சின்னதாகத்தான் இருக்கும், மண்டியில் அதை மதிக்க மாட்டார்கள். ஆனால் யாரும் கேட்டு வாங்கவில்லை, யாரும் கொடுத்ததாகவும் காட்டிக்கொள்ளவில்லை. வேலை முடிந்ததும் அவரவர் சீப்பை அவரவர் எடுத்துக்கொண்டு போனார்கள்.

தூக்குகிறவர்களில் மாரியாயி என்று ஒரு பெண். முப்பத்தைந்து வயது இருக்கும். நான் வெள்ளைச் சட்டையோடு வரப்பில் நின்றதைப் பார்த்துவிட்டு, “லண்டன் அண்ணே, சும்மா நிக்காதீங்க. சட்டையைக் கழட்டிட்டு ஒரு தாரு தூக்குங்க. கறை பட்டா உங்க ஊரு சோப்புக்கும் போவாது” என்றாள்.

“அவரை விடுக்கா. மச்சானுக்கு அங்க என்ன வேலைன்னு தெரியுமா? வாழைக்காய்க்குக் காய்ச்சல் பாக்குறது. தெர்மாமீட்டர் வெச்சு” என்றார் செல்வராஜ்.

“காய்ச்சல் இருந்தா?”

“மாத்திரை குடுப்பாரு.”

எல்லோரும் சிரித்தார்கள். ரெஜினா சிரித்தாள். நானும் சிரித்தேன். தார் தூக்கவில்லை. அன்று மாலை நாட்குறிப்பில், ‘அவர் சொன்னால் எல்லோரும் சிரிக்கிறார்கள்’ என்று மட்டும் எழுதியிருக்கிறேன். அது வெறும் கவனிப்பு என்றுதான் அப்போது நினைத்தேன்.

3

அடுத்து வந்தது 1979 ஆகஸ்டில். மகள் கிளாராவுக்கு ஒன்பது வயது. வீட்டில் நாங்கள் தமிழ் பேசினோம், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். பழத்தில் ஒரு புள்ளி இருந்தாலும் தொட மாட்டாள். கெட்டுப்போனது என்பாள். அதை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தது யார் என்று யோசிக்க வேண்டியதில்லை. அப்பாவின் தொழிலே அதுதானே.

தொட்டியம் போன மூன்றாம் நாள், தோல் முழுக்கக் கறுத்த ஒரு ரஸ்தாளியைச் செல்வராஜ் உரித்துத் தின்று, கண்ணை மூடிக்கொண்டார். வேண்டுமா என்று அவளைக் கேட்கவே இல்லை. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தவள் கையை நீட்டினாள். அன்று ஐந்து தின்றாள். ஒன்பது வருஷமாக எனக்கு வராத தமிழ் பத்தே நாளில் அவருக்கு வந்தது. “மாமா, நீ வா. மாமா, நீ எங்க போற?”

“மாமாவை நீங்கன்னு சொல்லணும், கிளாரா” என்றேன்.

“விடுங்க மச்சான். என்னை நீன்னு கூப்பிட ஆளே இல்லாம இருந்துச்சு” என்றார் அவர்.

பிறகு என்னையும் அவள் ‘நீ’ என்றுதான் கூப்பிட்டாள். அதற்கு நான் இப்படி ஒருநாளும் சந்தோஷப்பட்டதில்லை.

அந்த வருஷம் நான் வந்ததற்கு வேறொரு காரணமும் இருந்தது. செல்வராஜ் தோட்டத்தை ஒட்டி ஒரு ஏக்கர் விலைக்கு வந்திருந்தது. அதை வாங்கிப் போடலாம், ஓய்வுக்குப் பிறகு வரலாம் என்று திட்டம். வரைபடமெல்லாம் போட்டு வைத்திருந்தேன். எந்த மூலையில் கிணறு, எந்த மூலையில் வீடு என்று அடிக்கணக்கோடு. பத்திரம் பதிகிற ஆபீஸுக்குப் போனேன்.

“பாஸ்போர்ட் எந்த நாடுங்க?” என்றார் எழுத்தர்.

“பிரிட்டிஷ்.”

“அப்ப விவசாய நிலம் வாங்க முடியாதுங்களே.”

“நான் பொறந்தது பாலக்கரைங்க. படிச்சது திருச்சி. எங்கப்பா…”

“பொறந்ததைக் கேக்கலைங்க சார். பாஸ்போர்ட்டைத்தான் கேட்டேன். வேணும்னா மேல எழுதிப் பாருங்க. பதில் வராது.”

அவர் மரியாதையாகத்தான் சொன்னார். பர்த் சர்டிபிகேட், பள்ளிச் சான்றிதழ், அப்பாவின் ரயில்வே அடையாளச் சீட்டு எல்லாம் பையில் வரிசையாக இருந்தன. வெளியே எடுக்கவில்லை.

அதே வாரம் அந்த நிலத்துக்காரர் தானே செல்வராஜைத் தேடி வந்து, விற்கவில்லை, குத்தகைக்கு எடுத்துக்கொள் என்று சொல்லிவிட்டுப் போனார். செல்வராஜ் கேட்கக்கூட இல்லை. நான் வரைந்த கிணறு அவருடைய குத்தகையில் போய் உட்கார்ந்தது.

4

அது நடந்து நான்கு நாள் கழித்து, மோட்டார் கொட்டகைக்குப் பக்கத்தில் கால் கழுவிக்கொண்டிருந்தபோது செல்வராஜ் என்னைக் கேட்டார்.

“மச்சான், டவுன்லேர்ந்து ஒருத்தரு வந்துட்டுப் போனாரு. ஏற்றுமதி பண்றவரு. பூவன், ரஸ்தாளி எல்லாத்தையும் எடுத்துட்டு மூணு ஏக்கரும் பச்சை நீளக்காயாப் போடச் சொல்றாரு. கன்னு, உரம், மருந்து எல்லாம் அவரே குடுப்பாராம். காயி கப்பல்ல துபாய் போவுமாம்.”

“கத்திரி, கீரை?”

“ஊடுபயிரே கூடாதாம். வாழை மட்டும்தான். எனக்கு ஒண்ணும் புரியல. நீங்க அதுலயே இருக்கீங்க. போடுங்கன்னா போடறேன். வேணாம்னா விட்டுடறேன். நீங்க சொல்றதுதான்.”

எனக்குத் தெரிந்ததை இங்கே எழுதிவிடுகிறேன். அளவில் சேராத காய் எங்கள் கிடங்கில் எவ்வளவு கழிகிறது என்று எனக்குத் தெரியும். கழிக்கிறவனே நான்தான். கப்பலுக்கு முன்பே, தோட்டத்தின் வரப்பிலேயே, அதைவிட அதிகம் கழிகிறது என்றும் தெரியும். ஒரே ஜாதியைக் கண்ணுக்கெட்டிய தூரம் போட்டால், நோய் ஒரு மரத்துக்கு வந்தால் எல்லா மரத்துக்கும் வந்ததுதான் என்று தெரியும். 1977இல், மத்திய அமெரிக்காவில் வாழைத் தோட்டத்தில் வேலை பார்த்துவிட்டுக் கப்பலில் சேர்ந்த ஒருவர் எங்கள் கேன்டீனில் எனக்கு எதிரே உட்கார்ந்து டீ குடித்தார். விமானம் தலைக்கு மேல் வந்து மருந்து தெளிக்கும்போது சாப்பாட்டை இலையால் மூடிக்கொள்வோம் என்றார். தலையை எதால் மூடுவீர்கள் என்று கேட்டேன். அவர் சிரித்தார். மண் செத்துப்போனதும் முதலாளி அடுத்த பள்ளத்தாக்குக்குப் போய்விடுவான், நாங்களும் பின்னால் போவோம் என்றார். அதையும் தேதி போட்டு எழுதி வைத்திருந்தேன்.

செல்வராஜ் காலைத் துடைத்துக்கொண்டு என் பதிலுக்குக் காத்திருந்தார். சற்றுத் தள்ளி கிளாரா அவருடைய துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு வாய்க்காலில் கெண்டைக் குஞ்சைத் துரத்திக்கொண்டிருந்தாள்.

“போடுங்க மாப்பிள்ளை. இனிமே அதுலதான் எதிர்காலம்” என்றேன்.

அதோடு நிற்கவில்லை. பெட்டியிலிருந்து கிடங்கின் பித்தளை அளவுகோல் ஒன்றை எடுத்துப் பரிசாகக் கொடுத்தேன். காயின் பருமனை அதன் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். அவர் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கொட்டகை ஆணியில் மாட்டினார்.

நான் பொய் சொல்லவில்லை என்று பல வருஷம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். எதிர்காலம் அதில்தான் இருந்தது. ஆனால் அன்று என் மனதில் ஓடியது வேறு. இவரும் ஒருநாள் அரை அங்குலத்துக்காக இன்னொருவன் முன் கைகட்டி நிற்கட்டும் என்று நினைத்தேன்.

5

ரெஜினாவின் கடிதங்களை வருஷவாரியாகக் கட்டி வைத்திருக்கிறேன்.

1981: முதல் வெட்டு அமோகம். ஏஜெண்ட் மாலை போட்டார். ஓட்டு வீட்டை இடித்துத் தளம் போடப் போகிறார்கள். “எல்லாம் உன்னாலதான் அண்ணா, இவரு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருக்காரு.” அதைப் படித்துவிட்டு இரண்டு நாள் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

1982: காயில் பாதிக்கு மேல் வேண்டாம் என்று ஏஜெண்டின் ஆட்கள் கழித்துவிட்டார்கள். கழிப்பதற்கு அவர்கள் பயன்படுத்தியது என் பித்தளை அளவுகோலைத்தான். தோட்டத்திலேயே அளவு இருப்பது நல்லதாகப் போயிற்று என்றார்களாம். அன்றைய நாட்குறிப்பில் நான் எழுதியிருப்பது இரண்டே வாக்கியம். ‘ரெஜினா கடிதம். நன்றாகத் தூங்கினேன்.’

கழித்த காயைப் பழுக்க வைத்து, செல்வராஜ் கூடையில் போட்டு பஸ்ஸில் ஸ்ரீரங்கம் கொண்டுபோயிருக்கிறார். கோயில் பக்கம் தேங்காய் பழக்கடை வைத்திருந்த ஒரு பெரியவர் பூவனுக்காக வருஷக்கணக்கில் இவரை எதிர்பார்க்கிறவர். கூடையைத் திறந்து பார்த்துவிட்டு, “என்னங்காணும் இது, முழ நீளத்துக்கு? தட்டுல ரெண்டு வெச்சா தேங்காய்க்கு இடமில்லையே. பெருமாளைச் சேவிக்க வரவா பூவன்னா கேக்கறா. உம்ம பூவன் எங்கே?” என்றாராம்.

“எடுத்துட்டேங்க.”

“யார் எடுக்கச் சொன்னா?”

இவர் கூடையை மூடிக் கட்டினாராம். கூடையோடு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டார்.

1983, காவிரியில் தண்ணீர் குறைந்த வருஷம். ரெஜினா எழுதினாள்: ‘இந்தக் காய்க்கு ரெட்டிப்புத் தண்ணி வேணும். தாருக்கு மாட்டிவிட்ட நீலப் பிளாஸ்டிக் பையெல்லாம் மதகில் அடைச்சுக்கிட்டு, இருக்கிற தண்ணியும் வரமாட்டேங்குது. குருணை மருந்து போட்ட மறுநாள் தோட்டத்தில் மைனா செத்துக் கிடந்தது. எண்ணினேன், பதினாலு. வாய்க்காலில் கெண்டை வெள்ளையாக மிதந்தது. அந்தத் தண்ணியில் மாடு குடிக்காமல் பார்த்துக்கொள்ள ஒரு ஆள் நிற்க வேண்டியிருக்கு. அண்ணா, முன்னாடி தூக்கினவங்களுக்குக் கடைசிச் சீப்புன்னு ஒண்ணு இருந்துச்சே, ஞாபகம் இருக்கா? இப்ப அது இல்லை. இப்ப எல்லாமே கடைசிச் சீப்புதான். வரப்பு முழுக்கக் கிடக்குது. யாரும் எடுக்க வரலை.’

அடுத்த கடிதம் பத்து நாளில் வந்தது. கன்று நடுகிற குழியில் போடுவதற்காக மாரியாயி அந்தக் குருணையை மணலோடு சேர்த்து வெறுங்கையால் பிசைந்திருக்கிறாள். கையைத் துடைத்துக்கொண்டு சோறு சாப்பிட்டிருக்கிறாள். கையுறை தருவதாக ஏஜெண்ட் சொன்னதோடு சரி. அரை மணி நேரத்தில் வாந்தி, வாயில் நுரை, மயக்கம். செல்வராஜ் டாக்ஸி பிடித்து மடியில் கிடத்திக்கொண்டே திருச்சி பெரியாஸ்பத்திரிக்குப் போனார். ஒன்பது நாள். பிழைத்தாள். கை நடுக்கம் மட்டும் நிற்கவில்லை. ‘அவங்களுக்கு இப்ப டம்ளர்ல முக்கால்தான் ஊத்துறேன். முழுசா ஊத்தினா சிந்திடுது’ என்று எழுதியிருந்தாள்.

அன்று தூங்கினேனா என்று நாட்குறிப்பில் இல்லை. பக்கம் காலியாக இருக்கிறது. முப்பது வருஷ நாட்குறிப்பில் அப்படி ஒரே ஒரு பக்கம்தான்.

1984இல் ஏஜெண்ட் வருவதை நிறுத்தினார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் புதிதாக நிலம் பிடித்திருக்கிறார் என்றார்கள். செல்வராஜ் ஒரு வருஷம் மண்ணைச் சும்மா போட்டு, பசுந்தாள் உரத்துக்குச் சணப்பு விதைத்து மடக்கி உழுது, 1985இல் பூவன் கன்று வைத்தார். என்னை ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. கடிதத்தின் ஓரத்தில் அவர் கைப்பட ஒரு வரி வந்தது: ‘மச்சான், நீங்கள் சொன்னது சரிதான். எங்களுக்குத்தான் செய்யத் தெரியவில்லை.’

கோபப்பட்டிருந்தால் தாங்கியிருப்பேன். ஒருவரால் இன்னொருவரை இவ்வளவு நம்ப முடியும் என்பதும் எனக்குப் பொறாமையாகத்தான் இருந்தது.

6

இந்த வருஷம் ஏப்ரலில் கிளாரா பள்ளிக்காக ஒரு கட்டுரை எழுதினாள். கடையில் வாங்குகிற சாப்பாடு எங்கிருந்து வருகிறது என்பது தலைப்பு. அவளுக்குப் பதினாறு வயது. கதவைச் சாத்திக்கொண்டு படிக்கிற வயது. அப்பாவோடு கடைக்கு வருவதைத் தவிர்க்கிற வயது. அப்படிப்பட்டவள் தானாக வந்து என் எதிரில் உட்கார்ந்து, வாழைத் தோட்டத்து மருந்தைப் பற்றி எனக்கு என்ன தெரியும் என்று கேட்டாள். சந்தோஷத்தில் எல்லாவற்றையும் சொன்னேன். கப்பல்காரரைப் பற்றியும் சொன்னேன்.

“இது எந்த வருஷம்?” என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

“1977.”

எழுதிக்கொண்டாள். பேனா பாதியில் நின்றது. மாமா எப்போது மரத்தை மாற்றினார் என்று கேட்டாள். 1979 என்றேன். அவள் போய் அலமாரியிலிருந்து 1979 நாட்குறிப்பை எடுத்து வந்தாள். அவளுக்குத் தமிழ் படிக்க வராது. ஆனால் மாமாவின் பெயரை எழுதக் கற்றிருந்தாள். ஆகஸ்டில் அந்தப் பெயர் இருக்கிற பக்கத்தைக் கண்டுபிடித்து என் முன்னால் வைத்தாள்.

“படி.”

படித்தேன்.

அவள் வரிகளை விரலால் எண்ணினாள். பிறகு தமிழில் சொன்னாள்: “நீ அஞ்சு படிச்ச. ஆறு இருக்கு.”

ஆறாவது வரி இது: ‘போடச் சொன்னேன். போடக் கூடாது என்று தெரியும்.’

படித்துக் காட்டினேன். அவள் நாட்குறிப்பை மூடி, எடுத்த இடத்திலேயே, வருஷ வரிசை கலையாமல் வைத்தாள். அதில் மட்டும் என் மகள்.

“மாமாகிட்ட சொன்னியா?”

“இல்லை.”

“ஆகஸ்ட்ல போறோம்ல. சொல்லு.”

ஆகஸ்ட் வரை வேறெதுவும் அவள் என்னிடம் தமிழில் பேசவில்லை.

7

தொட்டியத்தில் இறங்கியபோது, மூன்று ஏக்கரில் இரண்டு மட்டுமே செல்வராஜ் கையில் இருந்தது. குத்தகை நிலம் கைவிட்டுப் போயிருந்தது. தளம் போட ஆரம்பித்த வீடு பாதியில் நின்றது. ஒரு பக்கம் கம்பி வானத்தைப் பார்த்தபடி இருந்தது. பூவன் குலை தள்ளி முற்றியிருந்தது, ஆனால் பழைய பருமன் இல்லை. மண்ணுக்கு இன்னும் இரண்டு வருஷமாகும் என்றார். கொட்டகை ஆணியில் என் அளவுகோல் பச்சைக் களிம்பு பூத்துத் தொங்கியது.

முதல் வெட்டு நாங்கள் போன ஐந்தாம் நாள். காலையில் செல்வராஜ் காய்ந்த சருகை அரிந்துகொண்டிருந்தார். கிளாரா வாய்க்கால் மேட்டில் உட்கார்ந்திருந்தாள். எங்களைப் பார்க்கவில்லை, ஆனால் கேட்கிற தூரத்தில்தான் இருந்தாள்.

“மாப்பிள்ளை, அன்னைக்கு நீங்க கேட்டப்ப எனக்குத் தெரியும்.”

“என்னது மச்சான்?”

“எவ்வளவு கழிப்பாங்கன்னு. மருந்து என்ன பண்ணும்னு. எல்லாம் தெரிஞ்சுதான் போடச் சொன்னேன்.”

அரிவாள் நின்றது.

“ஏன்?”

“வயித்தெரிச்சல்.”

அவருக்குப் புரியவில்லை. “யாரு மேல?”

“உங்க மேலதான்.”

அவர் சிரித்தே விட்டார். “என் மேலயா? சேத்துல நிக்கிறவன் மேல, கோட்டுப் போட்ட மனுசனுக்கா? நல்லா இருக்கு மச்சான், அங்க அளக்குறதுக்கு வேற ஒண்ணும் கிடைக்கலையா?” அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிட்டது. அது போனபின் அந்த முகத்தில் நான் பார்த்தது எனக்குப் பழக்கமில்லாதது. பன்னிரண்டு வருஷத்தில் அவர் என்னை அளந்து பார்த்தது அன்றுதான்.

“மாரியாயிக்கா கையைப் பாத்தீங்களா?”

“பாத்தேன்.”

“அப்ப அங்க போயிச் சொல்லுங்க. என்கிட்ட என்னத்துக்குச் சொல்றீங்க?”

குனிந்து சருகை அரியத் தொடங்கினார். அதன் பிறகு நான் கிளம்புகிற வரை என்னிடம் கோபமாக ஒரு வார்த்தை பேசவில்லை. கேலியாகவும் ஒரு வார்த்தை பேசவில்லை.

மாரியாயி வண்டிக்குப் பக்கத்தில் சருகு பரப்பிக்கொண்டிருந்தாள். இப்போது தாரை யாராவது அவள் தோளில் ஏற்றிவிட வேண்டும், கையில் பிடிமானம் போதாது. நான் சொல்லச் சொல்லக் கேட்டாள். கை அதுபாட்டுக்கு நடுங்கிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்து நடுங்குவதுபோல இருந்தது, ஆனால் அது யாரைப் பார்த்தாலும் அப்படித்தான்.

“மருந்து விஷமுன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியும்.”

“ஒரு கடுதாசி போட்டிருக்கலாமுல்ல? தங்கச்சிக்கு வாராவாரம் போடுறீங்களே, அதுல ஒரு வரி.”

வாராவாரம் இல்லை, மாதத்துக்கு இரண்டு என்று திருத்த வாயெடுத்தேன். அடக்கிக்கொண்டேன்.

அவள் சேலைத் தலைப்பைச் சும்மாடாகச் சுருட்டித் தோளில் வைத்தாள். இன்னொரு துணியை என்னிடம் நீட்டினாள். “சரி, வண்டி நிக்குது. சட்டையைக் கழட்டுங்க.”

கழற்றவில்லை. சட்டையோடேயே தூக்கினேன். ஒன்பது தார். வரப்பில் இரண்டு முறை கால் வழுக்கியது. யாரும் சிரிக்கவில்லை. கிளாராவும் எழுந்து வந்து மாரியாயி காட்டியபடி தோளைச் சாய்த்து நான்கு தூக்கினாள். அவள் வழுக்கியபோது செல்வராஜ் “பாத்து, பாத்து, லண்டன் பொண்ணு” என்றார். எல்லோரும் சிரித்தார்கள்.

மதியம் கடைசிச் சீப்புகள் சருகின் மேல் வரிசையாக இருந்தன. செல்வராஜ் எண்ணி ஒதுக்கினார். மாரியாயிக்குப் பதினான்கு. கிளாராவுக்கு நான்கு. எனக்கு ஒன்பது. என் முகத்தைப் பார்க்காமல், ஆனால் ஒன்றும் குறைக்காமல் வைத்தார். தூக்கியவருக்கு உரியது. யார் என்ன செய்தவர் என்று அந்த வழக்கம் கேட்பதில்லை. மன்னிப்பென்று அதை எடுத்துக்கொள்ள எனக்கு ஆசையாக இருந்தது. ஆனால் அது வெறும் எண்ணிக்கை.

ரெஜினா என் சீப்புகளையும் கிளாராவுடையதையும் உள்ளறையில் தனித்தனி ஆணியில் கட்டித் தொங்கவிட்டாள். வாயு இல்லை, வெப்பமானி இல்லை. தினமும் காலையும் மாலையும் போய்ப் பார்த்தேன். நாலாம் நாள் காம்போரம் வெளுத்தது. ஆறாம் நாள் மஞ்சள். எட்டாம் நாள், நாங்கள் கிளம்புவதற்கு முந்தைய மாலை, தோலில் புள்ளி விழுந்தது. கிடங்கில் அந்தப் புள்ளியைக் கண்டால் பெட்டியையே தள்ளிவிடுவேன்.

மாரியாயி எங்களை வழியனுப்ப வந்திருந்தாள். எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்திருந்தோம். கிளாரா தன் சீப்பு ஒன்றை அவிழ்த்து எடுத்து வந்தாள். முதல் பழத்தைப் பாதி உரித்து, நடுங்குகிற கையில் வைத்து, விரல்கள் மூடும்வரை பிடித்திருந்தாள்.

“நீ சாப்பிடு” என்றாள்.

“நான் சாப்பிடுறேன், நீ சாப்பிடு தாயி” என்றாள் மாரியாயி.

அடுத்தது மாமாவுக்கு. அவர் தோலைத் தூக்கி அவள்மேல் எறிந்தார். அடுத்தது அத்தைக்கு. பிறகு தனக்கு ஒன்று. என் பக்கம் பார்த்தாள்.

“அப்பாகிட்டதான் இருக்கே” என்றாள். தமிழில்தான் சொன்னாள். கோபமாகக்கூட இல்லை.

இருந்தது. உள்ளே ஆணியில் ஒன்பது சீப்பு, சீப்புக்குப் பத்து பதினொன்றாக மொத்தம் தொண்ணூற்றேழு பழம். எண்ணியிருந்தேன். எல்லாம் சரியாகப் பழுத்திருந்தன. அவள் மடியில் மீதி ஏழு இருந்தது. அதில் ஒன்று என் பக்கம் வருமா என்று, விளக்கு வைக்கிற வரை அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.